கூண்டு வண்டியில் எதை ஏற்றுவது? நூலகத்தில் குழந்தைகளுக்கான ‘பயனியர்’ நிகழ்ச்சி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரின் பொது நூலகத்தில், சிறுவர் பிரிவில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். ‘பயனியர்’ நிகழ்ச்சி என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் போன குடியேறிகளின் வாழ்க்கையைக் குழந்தைகள் ஒன்றேகால் மணி நேரம் தங்கள் கையால் செய்து பார்ப்பது. இதை நான்கு கோடைகளில் நடத்தியிருக்கிறேன். புதிதாக நடத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவியும் இருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் தடுமாற்றம் தொடக்கத்திலேயே வந்துவிடும். துணித் தொப்பி, பொம்மை, மெழுகுவர்த்தி என்று கைவேலைகளின் பட்டியலோடு ஆரம்பிப்பார்கள். அன்று மாலை குழந்தையிடம் கேட்டால் “பொம்மை செய்தோம்” என்று சொல்லும், அதோடு சரி. அந்தக் குடும்பங்கள் எடுத்த ஒரு முடிவைக் குழந்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த முடிவு எது என்று முதலில் தீர்மானியுங்கள். கைவேலைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 6 முதல் 10 வயது வரையுள்ள 24 குழந்தைகளுக்கு, 75 நிமிடத்துக்கு.

1. ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள்

‘பயனியர்’ என்ற சொல்லுக்குள் இரண்டு தனிக் கதைகள் இருக்கின்றன. ஒன்று ஒரேகான் தடம், அதாவது மேற்கே ஒரேகான் வரை போன வண்டிப் பாதை. மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஏறக்குறைய 2,000 மைல், நான்கு முதல் ஆறு மாதப் பயணம். 1843 முதல் பெருங்கூட்டமாகப் போனார்கள். 1869-இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்ததும் கூண்டு வண்டிகளின் காலம் மங்கியது.

இன்னொன்று நிலம் பெற்றுத் தங்கியவர்களின் கதை. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் நிலத்துக்குப் பதிவு செய்து, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். மரமில்லாத சமவெளியில் புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி வீடு கட்டினார்கள்.

இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் திணிக்காதீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, வீடு கட்டியாகிவிட்டதா என்று குழந்தைக்குக் குழப்பம் வரும். முதல் முறை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரேகான் தடம்தான். அதில் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும் ஒரு கேள்வி இருக்கிறது: வண்டியில் எதை ஏற்றுவது, எதை விட்டுவிட்டுப் போவது?

2. எட்டு வாரம் முன்பே முடிக்க வேண்டியவை

அறையை முதலில் பிடியுங்கள். மூன்று வண்டிகளைத் தரையில் வரைய வேண்டும். குழந்தைகள் சுற்றி நடக்க இடைவெளியும் வேண்டும். அதற்கு மட்டும் 28 அடிக்கு 16 அடி ஆகும். மேசைகள் சுவரோரம் போகட்டும். அறை சிறியதென்றால் இரண்டு வண்டி, 16 குழந்தைகள் என்று குறைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அளவை மட்டும் குறைக்காதீர்கள். ஏன் என்பது நான்காம் பகுதியில் தெரியும்.

முன்பதிவு கட்டாயம். பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் போதும்: குழந்தையின் வயது, உணவு ஒவ்வாமை. ஒவ்வாமையைக் கேட்காமல் விட்டால் வெண்ணெய் கடையும் நேரத்தில் ஒரு குழந்தை ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். எங்கள் முதல் நிகழ்ச்சியில் அப்படி ஒரு சிறுமி நின்றாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு வேலையே இல்லை.

தொண்டர்கள் ஆறு பேர் தேவை. சமூக சேவை மணி நேரக் கணக்குக்காக உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வருவார்கள். கோடை விடுமுறை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விடுமுறை வந்துவிட்டால் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள்.

பூர்வகுடி இனத்தவர் ஒருவரைப் பேச அழைப்பதாக இருந்தால் எட்டு வாரம்கூடக் குறைவு. அந்த இனத்தின் பண்பாட்டு அலுவலகத்துக்கு முறைப்படி எழுதுங்கள். மதிப்பூதியம் எவ்வளவு என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இலவசமாக வந்து பேசச் சொல்லிக் கேட்பது சரியில்லை.

3. யாருடைய நிலத்தின் வழியே போனார்கள்?

இந்தப் பகுதியைப் பலர் கடைசியில் ஒட்டவைக்கிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். வண்டி வேலைக்கு முன்னால் இது வர வேண்டும். வெறும் வரைபடத்தில் தடத்தை மட்டும் வரைந்து காட்டினால், ஆளில்லாத நாட்டின் வழியே போனார்கள் என்று குழந்தையின் மனதில் பதிந்துவிடும். பிறகு எவ்வளவு சொன்னாலும் அது அழியாது.

ஒரு பெரிய வரைபடம், அதன்மேல் விரிக்க ஒரு கண்ணாடித் தாள். அடியில் உள்ள வரைபடத்தில் பானி, லக்கோட்டா, செயென், ஷோஷோனி, கயூஸ் என்று அந்தந்த மக்களின் பெயர்கள் அவர்கள் வாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் ஒரு குழந்தை உரக்கப் படிக்கட்டும். அதன் பிறகே தடம் வரைந்த கண்ணாடித் தாளை மேலே விரியுங்கள். கோடு யார் யார் வீட்டின் வழியே போகிறது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

உங்கள் நூலகம் நிற்கும் நிலம் யாருடையது என்பதையும் அதே வரைபடத்தில் காட்டுங்கள். நெப்ராஸ்காவின் தென்கிழக்கில் ஓட்டோ-மிசௌரியா மக்கள் இருந்தார்கள். பிளாட் ஆற்றங்கரையில் பானி மக்களின் ஊர்கள் இருந்தன. இந்த இரு மக்களும் பின்னர் ஓக்லஹோமாவுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். “அவர்கள் இப்போது எங்கே?” என்று ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும். “இன்றும் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று சொந்த அரசு இருக்கிறது” என்று சொல்லத் தயாராக இருங்கள். ‘இருந்தார்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் புத்தகத்தை முழுவதும் படித்துப் பார்த்த பிறகே எடுங்கள். பெரியவர்கள் சிறு வயதில் ஆசையாகப் படித்த பல குடியேறிக் கதைகளில் பூர்வகுடிகளைப் பயமுறுத்தும் நிழல்களாக மட்டும் காட்டியிருப்பார்கள். குடியேறி வாழ்க்கையைக் கதையாக எழுதிய ஓர் எழுத்தாளரின் பெயரில் இருந்த விருதுக்கு, அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு இந்தக் காரணத்துக்காகவே 2018-இல் வேறு பெயர் வைத்தது.

குடியேறிகள் எல்லோரும் வெள்ளையர்கள் என்ற எண்ணத்தையும் படங்களைக் கொண்டு திருத்தலாம். கான்சாஸின் நிக்கோடிமஸ் ஊரை 1877-இல் நிறுவியவர்கள் கறுப்பினக் குடும்பத்தினர். அது தடத்தின் காலத்துக்குப் பிந்தையது. அதனால் இதைச் செயலாக்கி நேரத்தைச் செலவிட வேண்டாம், சுவரில் ஒரு படமும் இரண்டு வரியும் போதும்.

4. தரையில் வண்டியை வரையுங்கள்

நிகழ்ச்சியின் முதுகெலும்பு இதுதான். இதற்கு நேரம் கொடுங்கள்.

தடத்தில் போன வண்டிப் பெட்டி ஏறக்குறைய 10 அடி நீளம், 4 அடி அகலம். 2,000 பவுண்டு பாரம் ஏற்றலாம். பத்தையும் நான்கையும் பெருக்கினால் 40 சதுர அடி. எனவே தரையில் ஒரு அடிச் சதுரங்களாகக் கட்டம் போட்டால் 40 கட்டம் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு 50 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சரியாக 2,000 வரும். குழந்தைக்கு எடைக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டத்தை எண்ணினால் போதும்.

நீல நிற பெயிண்டர் டேப் வாங்குங்கள். சாதாரண டேப் கம்பளத்தில் பசையை விட்டுவிடும். ஒரு வண்டிக்கு ஓரமும் உள் கோடுகளும் சேர்த்து 94 அடி டேப் பிடிக்கும், மூன்றுக்கு 282 அடி. 180 அடிச் சுருள் இரண்டு வாங்கினால் மிச்சம் இருக்கும். முந்தின நாள் மாலையே ஒட்டிவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒன்றரை மணி நேர வேலை; காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் பாதிக் கட்டத்தோடு கதவைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அளவை ஏன் குறைக்கக் கூடாது என்று இப்போது புரியும். எட்டுக் குழந்தைகள் அந்த 10-க்கு 4 செவ்வகத்தின் ஓரம் நின்றால் “இவ்வளவுதானா?” என்று அவர்களே சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் அதற்குள் அடங்க வேண்டும். காகிதத்தில் வரைந்து காட்டினால் இந்த வியப்பு வராது.

5. ஏற்றுவதும் இறக்குவதும்

முதலில் சாப்பாடு. 1845-இல் வந்த ஒரு பயணக் கையேடு ஓர் ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காபி, 10 பவுண்டு உப்பு என்று சொல்கிறது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம். குழந்தைக்குப் பாதிப் பங்கு என்று வைத்தால் மூன்று பங்கு. மாவு 600 பவுண்டு, அதாவது 12 கட்டம். இறைச்சி 450, அதாவது 9 கட்டம். மீதி மூன்றும் சேர்ந்து 120 பவுண்டு. அதற்கு 3 கட்டம். ஆக 24 கட்டம் சாப்பாட்டுக்கே போய்விடும்.

மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பைகளில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து ‘மாவு’, ‘இறைச்சி’ என்று எழுதி, குழந்தைகளையே எண்ணி வைக்கச் சொல்லுங்கள். நீங்களே முன்கூட்டி அடுக்கி வைத்துவிடாதீர்கள். இடம் தன் கண்ணெதிரே குறைவதைக் குழந்தை பார்க்க வேண்டும்.

மீதி 16 கட்டம். மற்ற பொருள்களுக்குத் தடித்த அட்டையில் ஒரு அடிச் சதுரங்கள் வெட்டி, படம் ஒட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டு செய்யுங்கள். நான் வைத்திருக்கும் கட்டில் இரும்பு அடுப்பு 4 கட்டம், தண்ணீர்ப் பீப்பாய் 4, மாற்று அச்சும் கருவிகளும் 4, கூடாரமும் படுக்கையும் 3, பாட்டியின் மரப்பெட்டி 3, கலப்பை 2, துணிமணி 2. பாத்திரங்கள், விதை மூட்டை, மருந்துப் பெட்டி, துப்பாக்கியும் வெடிமருந்தும், ஆடும் நாற்காலி, புத்தகங்கள், சுவர்க் கடிகாரம் ஆகியவை ஒவ்வொன்று. மொத்தம் 29. எடைகள் விளையாட்டுக்காக நான் தோராயமாக வைத்தவை, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மொத்தம் 16-ஐவிடப் பத்துக் கட்டமாவது அதிகம் இருக்கட்டும். இரண்டு மூன்று கட்டம்தான் அதிகம் என்றால் கடிகாரத்தையும் நாற்காலியையும் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அங்கே பேச்சு நடக்காது.

பேச்சு நடக்க 15 நிமிடம் விடுங்கள். தொண்டர்கள் யோசனை சொல்லக் கூடாது. “அது ஏன்?” என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கலாம். பெரிய மாணவர்களுக்கு இது கடினம். சரியான விடையைச் சொல்லிவிட நாக்குத் துடிக்கும். ஒத்திகையில் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன்.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் கேளுங்கள்: “நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள்?” ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஒருவர் சொல்வார், நடந்துதான் போக வேண்டும் என்று. உண்மையும் அதுதான். சின்னக் குழந்தைகளும் நோயாளிகளும் தவிரப் பெரும்பாலானவர்கள் நடந்தே போனார்கள். வண்டிக்கு அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் கிடையாது, ஏறி உட்கார்ந்தால் உடம்பு உலுங்கிவிடும். காளைகளுக்கும் பாரம் குறைய வேண்டும்.

அடுத்தது இறக்குவது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் இதுவே சிறந்த ஐந்து நிமிடம். “600 மைலுக்கு மேல் வந்தாயிற்று. ஃபோர்ட் லாரமி கோட்டை. இனி மலை ஏற்றம், காளைகள் களைத்துவிட்டன. நான்கு கட்டத்தைக் காலி செய்யுங்கள்” என்று அறிவியுங்கள். தடத்தின் ஓரம் அடுப்புகளும் மரச்சாமான்களும் இறைச்சி மூட்டைகளும் உண்மையிலேயே கிடந்தன. முதலில் ஏற்றியபோது விளையாட்டாகப் பேசிய குழந்தைகள் இப்போது மெதுவாகப் பேசுவார்கள். பாட்டியின் பெட்டியை இறக்க மனமில்லாமல், அதற்குப் பதிலாக மாவை இறக்கலாமா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். “இறக்கலாம், மூன்று மாதம் கழித்து என்ன சாப்பிடுவீர்கள்?” என்றேன். அவர்கள் குழுவே அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்தது.

6. வெண்ணெய்

கறவைப் பசுவோடு போன குடும்பங்கள் காலையில் பாலாடையை வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிடும். குலுங்கிக் குலுங்கி மாலைக்குள் வெண்ணெய் திரண்டுவிடும். வண்டிக் கதையோடு இது நேராகச் சேர்வதால் கைவேலைகளில் இதற்கே முதலிடம்.

நம் வீட்டில் தயிரை மத்தால் கடைவோம். இங்கே புளிக்காத பாலாடையைக் குப்பியில் குலுக்குகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. கடையில் ‘ஹெவி விப்பிங் க்ரீம்’ என்றே கேட்டு வாங்குங்கள். அதில் கொழுப்பு 36 சதவீதமாவது இருக்கும். பாலும் க்ரீமும் சரிபாதி கலந்த ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ வாங்கி வந்தால் மாலை வரை குலுக்கினாலும் திரளாது.

இரண்டு குழந்தைக்கு ஒரு குப்பி, ஆக 12 குப்பி. திருகு மூடியுள்ள 180 மில்லி பிளாஸ்டிக் குப்பியில் 60 மில்லி ஊற்றுங்கள், மூன்றில் ஒரு பங்குதான். நிறைய ஊற்றினால் உள்ளே அலை அடிக்க இடம் இருக்காது. ஒரு குவார்ட் (ஏறக்குறைய 950 மில்லி) பெட்டி எல்லோருக்கும் போதும். கண்ணாடிக் குப்பி வேண்டவே வேண்டாம். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைவது பழமொழியோடு நிற்கட்டும். உள்ளே கோலிக்குண்டு போடும் வழக்கமும் உண்டு. அது மூடியை உடைக்கும், தேவையில்லை.

அதிகம் நடக்கும் பிழை, குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்துக் கொடுப்பது. கொழுப்பு இறுகியிருந்தால் ஒட்டாது. குலுக்குவதற்கு 40 நிமிடம் முன்பே குப்பிகளில் ஊற்றி வெளியே வைத்துவிடுங்கள். குளிர் போனதும் 10 முதல் 15 நிமிடத்தில் திரளும்.

நடுவில் ஒரு நிலை வரும். பாலாடை நுரைத்துக் கெட்டியாகி, குலுக்கினால் சத்தமே வராது. முடிந்துவிட்டது என்று குழந்தைகள் நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் தொண்டர் “இன்னும் மூன்று நிமிடம்” என்று சொல்ல வேண்டும். திடீரென்று உள்ளே தொப் என்று ஒரு கட்டி மோதும், கூடவே நீர் தளும்பும் சத்தம். மோரை வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சோள ரொட்டியில் தடவிக் கொடுங்கள்.

பால் ஒவ்வாத குழந்தைக்குத் தனி மேசையில் தனி வேலை என்று வைக்காதீர்கள். அவளையே நேரக் காப்பாளராக்கி, மூடிய குப்பிகளின் சத்தம் எந்த நிமிடத்தில் மாறுகிறது என்று குறிக்கச் சொல்லலாம். ஆனால் ஒவ்வாமை கடுமையானது என்று பெற்றோர் எழுதியிருந்தால் அந்த முறை வெண்ணெயையே விட்டுவிடுங்கள். சோளமட்டைப் பொம்மையை முக்கிய வேலையாக்குங்கள்.

7. மற்ற கைவேலைகள், உடை

சோளமட்டைப் பொம்மைக்குக் காய்ந்த மட்டை மெக்சிகன் மளிகைக்கடையில் கிடைக்கும், தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் செய்ய விற்பார்கள். வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைக்காவிட்டால் மடிக்கும்போதே கிழியும். ஏழு வயதுக்குக் கீழே முடிச்சுப் போட வராது. நூலை முன்பே வெட்டி வைத்து, முடிச்சைத் தொண்டர்கள் போடட்டும். இந்தப் பொம்மை பூர்வகுடி மக்களிடையே நெடுங்காலமாக இருப்பது, அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மெழுகு உருக்குவது நூலகத்துக்கு ஒத்துவராது. தேன்மெழுகுத் தகட்டைத் திரியைச் சுற்றி உருட்டினால் நெருப்பில்லாமல் மெழுகுவர்த்தி ஆகிவிடும். கைவேலை இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உடை அணிந்து வரச் சொல்லாதீர்கள். சொன்னால் யாராவது ஒருவர் பூர்வகுடி வேடத்தில் இறகுத் தலையணியோடு வருவார். வந்தபின் குழந்தையிடம் கழற்றச் சொல்வது அதற்கும் வேதனை, உங்களுக்கும் வேதனை. பூர்வகுடிக் குழந்தை ஒன்று அதே அறையில் இருக்கலாம்.

8. ஒத்திகை

ஒரு வாரம் முன்பு தொண்டர்களைக் கூட்டி ஒரு வண்டியை மட்டும் தரையில் போட்டு முழுவதையும் செய்து பாருங்கள். நேரத்தைக் குறியுங்கள். வெண்ணெயையும் அதே அறையில் குலுக்கிப் பாருங்கள். குளிரூட்டி பலமாக ஓடும் அறையில் நேரம் கூடும்.

9. அன்றைய நிமிடக் கணக்கு

காலை 10:30-க்குத் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் ஒருவர் பாலாடையைக் குப்பிகளில் ஊற்றத் தொடங்க வேண்டும். இதை மறந்தால் பின்னால் எல்லாம் தள்ளிப்போகும்.

வரும் குழந்தைக்கு வண்டி எண் உள்ள அட்டை கொடுங்கள். அண்ணன் தம்பிகளைப் பிரிக்காதீர்கள். நண்பர் கூட்டத்தை மட்டும் பிரியுங்கள். 10:35 முதல் வரைபடமும் வாசிப்பும், பத்து நிமிடம். 10:45-க்கு ஏற்றுதல், 11:05-க்கு இறக்குதல், 11:10-க்கு வெண்ணெய், 11:25-க்குப் பொம்மை, 11:40-க்கு ரொட்டி. வண்டிக்கு முன்னால் கைவேலை வைத்தால் குழந்தைகள் பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டே அட்டையைத் தூக்குவார்கள், கவனம் இரண்டாகும்.

நேரம் போதாவிட்டால் பொம்மையை வெட்டுங்கள். மட்டையையும் நூலையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். இறக்கும் பகுதியை வெட்டாதீர்கள்.

10. குழந்தைகள் கேட்கும் கேள்விகள்

“செத்துப்போனார்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். பேச்சை மாற்ற வேண்டாம். “ஆம், பலர். அதிகம் காலரா என்ற நோயால், கெட்ட தண்ணீரில் அது பரவும்” என்று சொல்லுங்கள், போதும். பூர்வகுடிகள் தாக்கினார்களா என்றும் கேட்பார்கள். சண்டைகள் நடந்தன, ஆனால் நோயிலும் ஆற்றைக் கடக்கும்போதும் துப்பாக்கி தவறி வெடித்தும் இறந்தவர்களே மிக அதிகம். பல இடங்களில் பூர்வகுடி மக்கள் உணவு விற்றார்கள், ஆற்றைக் கடக்க உதவினார்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: வண்டிகள் வந்த வழியில் புல்லும் காட்டெருமை மந்தையும் குறைந்தன, நோய்கள் பரவின. அங்கே வாழ்ந்தவர்களின் வாழ்க்கை அதனால் கடினமாயிற்று.

“ஏன் மே மாதம் வரை காத்திருந்தார்கள்?” நல்ல கேள்வி, கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். காளைக்குப் புல் முளைக்க வேண்டும். அதற்கு முன்னால் கிளம்பினால் தீனி இல்லை, மிகவும் தாமதித்தால் மலையில் பனி.

11. முடிந்தபின்

டேப்பை அன்றே உரியுங்கள். க்ரீம் சொட்டிய கம்பள இடத்தைக் குளிர்ந்த நீரால் உடனே துடையுங்கள். மறுநாள் நாற்றம் தாங்காது. அட்டைக் கட்டு மூன்றையும் தனித்தனி உறையில் போட்டு, எந்தப் பொருளுக்காக அதிக நேரம் வாதிட்டார்கள் என்று உறையின் மேல் எழுதி வையுங்கள். எங்கள் உறைகளில் மூன்று வருடமாகப் பாட்டியின் பெட்டிதான் இருந்தது. போன கோடையில் அது விதை மூட்டை ஆயிற்று.